விசுவாசம் என்கிறார்கள்

1

போன மாதம் என் வேலையிடத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் அங்கே சேர்ந்து பத்து வருடம் ஆகிவிட்டதாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. ஓய்வறைக்குள் போனபோது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

நோர்வேயின் வடக்கு முனையில், கடலுக்குள் தள்ளி இருக்கும் ஒரு தீவில் நான் வசிக்கிறேன். இங்கே மீன் தொழிற்சாலைதான் ஊர். வளர்ப்பு மீன்களைக் கொண்டுவந்து வெட்டி, கழுவி, பனிக்கட்டியில் அடுக்கி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறோம். திருகோணமலையிலும் மீன்தான் வெட்டினேன். உலகத்தின் இந்தக் கோடிக்கு வந்தும் அதையேதான் வெட்டுகிறேன்.

எங்கள் மேலாளர் கிரெத்தெ என்னைவிட இளையவர். நல்ல மனுசி. கையில் ஒரு பூங்கொத்தை வைத்துக்கொண்டு சின்னதாக ஒரு பேச்சுப் பேசினார். அதில் 'ட்ரூஃபாஸ்ட்' என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னார். எனக்கு அந்தச் சொல் தெரியாது. சிரித்து, நன்றி சொல்லி, கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து மகள் அபினாவிடம் கேட்டேன். அவள் இந்த ஊர்ப் பாசையைப் பிறந்த பாசையாகப் பேசுகிறவள். தமிழ் அவள் வாயில் விருந்தாளி மாதிரித்தான் வந்து போகும்.

"ஆரை அப்பிடிச் சொன்னவை?" என்று கேட்டாள்.

"என்னைத்தான்."

தொலைபேசியிலிருந்து கண்ணை எடுத்துச் சிரித்தாள். "அம்மா, அது நாய்க்குச் சொல்லுற சொல். எங்கயும் ஓடாத நாய்."

அவள் மனம் நோகச் சொல்லவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை. தமிழிலும் அப்படித்தானே, விசுவாசம் என்றவுடன் வாலாட்டும் பிராணிதான் எங்களுக்கும் ஞாபகம் வருகிறது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு ஆள் ஒரு வேலையில் ஏன் கிடக்கிறார்? நான் ஏன் இங்கே கிடக்கிறேன்? திருகோணமலையில் என்னோடு மீன் வெட்டிய பரீதா ராத்தா ஏன் அங்கே அவ்வளவு காலம் கிடந்தார்? இந்தக் குறிப்புகளை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். என்னைவிட ராத்தாவைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

2

நான் கோகி, சம்பூர்ப் பிள்ளை. 2006-இல் சண்டை வந்து ஊர் முழுக்க எழும்பி ஓடியபோது அம்மாவும் நானும் உடுத்த துணியோடு போனோம். பல இடம் அலைந்து, கடைசியில் கட்டைபறிச்சானில் ஒரு கூடாரம் கிடைத்தது. அம்மாவை அங்கே விட்டுவிட்டு, மூதூரிலிருந்து லோஞ்ச் படகு ஏறித் திருகோணமலைக்கு வேலை தேடி வந்தேன். நகரத்தில் இருந்த சித்தி வீட்டில் படுக்க ஒரு மூலை கிடைத்தது.

துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு மீன் கொம்பனியில் எடுத்தார்கள். சூரை மீனைத் துண்டு போட்டு, கழுவி, பனிக்கட்டியில் அடுக்கும் வேலை. வேலை முழுக்கக் குளிர் அறைக்குள். வெளியே தார் றோட்டு உருகுகிற வெயில், உள்ளே விரல் நகம் நீலமாகிற குளிர். வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. முதல் வாரத்திலேயே மேசையடியில் மயங்கி விழுந்தேன்.

கண் திறந்தபோது ஒரு பெண் என் இரண்டு கைகளையும் தன் கக்கத்துக்குள் வைத்து இறுக்கிக்கொண்டு இருந்தார். "கைய ஒதறாத புள்ள. இப்பிடியே வெச்சிரு. சூடு தானா ஏறும்" என்றார். அவர்தான் பரீதா ராத்தா. கிண்ணியாக்காரி; அங்கே முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள். அப்போது பாலம் இல்லை. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் இழுவைப் படகில் ஆற்றைக் கடந்து, பிறகு பஸ் ஏறி, எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து மேசையில் நிற்பார். புருசன் கட்டாரில் சாரதி. பிள்ளை இல்லை.

எங்கள் மேற்பார்வையாளர் சவரிமுத்து ஐயா. ஐம்பது தாண்டிய மனுசன். நான் விழுந்த அன்று அவர் சத்தம் போடவில்லை. மேசையில் நின்ற எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "கத்தியை வச்சிட்டு வெளியில வாங்கோ" என்றார்.

கட்டடத்துக்குப் பின்னால் சீமெந்துத் தரை. முன்னால் துறைமுகம். மேசை மேசையாக அங்கே போய், பூட்ஸோடும் தொப்பியோடும் வெயிலில் நின்றோம். கைகளை விரித்து, உள்ளங்கையைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நிற்போம். விரலில் உயிர் வருகிறபோது ஊசி குத்துவது போல நோகும். அந்த நோவு போனதும் உள்ளே போவோம். அன்றிலிருந்து அது தினமும் நடந்தது. கொம்பனிச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. ஐயா தன் பாட்டில் செய்தார்.

வெயிலில் நிற்கிற அந்த நேரம்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்ட நேரம். ஆர் வீட்டில் என்ன சமையல், ஆருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், ஆருடைய தம்பி இன்னும் வரவில்லை, எல்லாம் அங்கேதான் கதைத்தோம். அகதி முகாமிலிருந்து வந்த என்னை அங்கே ஒருத்தரும் பாவம் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. காலையில் எழும்பும்போது வேலைக்குப் போக மனம் வரும். அந்த நாட்களில் எனக்கு வேறு எதற்கும் மனம் வந்ததில்லை.

3

இங்கே நான் ஒரு தரம் பெரிய வில்லங்கம் பண்ணினேன். சேர்ந்த முதல் வருடம். களைப்பு என்பதற்கு இவர்கள் பாசையில் 'ஸ்லீத்தன்' என்பார்கள். வேலையை விடுகிறேன் என்பதற்கு 'ஸ்லுத்தர்'. ஒரு நாள் கிரெத்தெ சும்மா எப்படி இருக்கிறாய் என்று கேட்டபோது, இன்றைக்குக் கொஞ்சம் களைப்பு என்று சொல்ல நினைத்து, இன்றைக்கு வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் தந்தார். யாராவது ஏதாவது சொன்னார்களா, மேசை உயரமா, கையுறை குளிர் தாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு எதுவும் விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். அவர் இன்னும் பயந்துவிட்டார். கடைசியில் என் கணவர் சுதனுக்கு அழைப்பு எடுத்துத்தான் விசயம் தெளிந்தது.

சுதன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தொழிலாளி போகப்போகிறாள் என்று கேட்டு ஒரு மேலாளர் பதறுவதை நான் அன்றுதான் முதல் தரம் பார்த்தேன்.

குறை சொல்ல இங்கே எதுவும் இல்லை. உள்ளே கம்பளி வைத்த கையுறை தருகிறார்கள். இருந்து வேலை செய்யக் கதிரை இருக்கிறது. சுகமில்லை என்றால் வீட்டில் நிற்கலாம். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கிரெத்தெ தனியாகக் கூப்பிட்டு, "இங்கே சந்தோசமாக இருக்கிறாயா?" என்று கேட்பார். அதற்கென்றே இவர்களிடம் தனிச் சொல் இருக்கிறது. நான் ஓம் என்பேன். அவர் எழுதிக்கொள்வார்.

என் உடம்பு இங்கே கெடவில்லை. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் பத்து வருடமாக எனக்குப் பக்கத்தில் நின்று வெட்டுகிற லித்துவேனியாப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவரவர் பாசையில் பாட்டுக் கேட்கிறார்கள். ஓய்வு நேரத்தில் அவரவர் தொலைபேசியைப் பார்க்கிறார்கள். நானும்தான்.

நான் ஏன் தங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தரமாக வசிக்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேலை இருக்கவேண்டும். மொழிப் பரீட்சை இருக்கவேண்டும். ஒவ்வொரு தரமும் ஒரு கடதாசி குறைந்தது. ஒரு தரம் அம்மாவின் பெயரை என் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள், அதைத் திருத்த ஒரு குளிர்காலம் போனது. அந்த அலுவல் முடியும்வரை வேலை மாறக்கூடாது என்று சுதன் சொன்னார். முடிந்த பிறகு வீட்டுக் கடன். பிறகு அபினாவின் பள்ளிக்கூடம். அப்படியே பத்து வருடம் ஆகிவிட்டது. கிரெத்தெ அதைத்தான் விசுவாசம் என்றார். அது விசா.

4

திருகோணமலையில் ஒரு கட்டத்தில் கொம்பனி கை மாறியது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சவரிமுத்து ஐயாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் எங்களிடம் வந்து, "சரி பிள்ளையள், கையைப் பாத்து வேலை செய்யுங்கோ" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

புது மனேஜர் படித்த ஆள். சத்தம் போட மாட்டார். வந்த முதல் நாளே பின்கதவைப் பூட்டினார். வெளியே போய் உள்ளே வந்தால் அழுக்கு, வெளிநாட்டுக்காரன் சாமான் வாங்க மாட்டான் என்றார். பார்க்கப்போனால் நியாயம் மாதிரித்தான் இருந்தது. ஆனால் விரல் மரத்துப் போனால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் இரண்டு பேருக்கு விரலில் கத்தி இறங்கியது.

எல்லோரும் முணுமுணுத்தோம். போய்க் கேட்டவர் பரீதா ராத்தா மட்டும்தான். அவர் போகும்போது நானும் கூடப் போனேன், ஆனால் வாசலோடு நின்றுவிட்டேன்.

"சேர், வெரல் மரத்தா கத்தி எங்க போகுதெண்டு தெரியாது. கொஞ்ச நேரம் வெயில்ல நிண்டா போதும். அதுக்குப் பொறகு வேலை கெதியா ஓடும்" என்றார் ராத்தா.

மனேஜர் பேனையை மூடி வைத்தார். "உங்களுக்கு வெயில்தானே வேணும்?" என்றார்.

"எங்க எல்லாருக்கும்தான் சேர்."

"முதல்ல நீங்க போய் நில்லுங்க. முன் கேற்றடியில. நான் சொல்லும்வரை."

அன்று முழுக்க ராத்தா முன்வாசலில் நின்றார். பூட்ஸ், தொப்பி, மீன் இரத்தம் பட்ட மேலங்கி. றோட்டால் போகிற முச்சக்கர வண்டிக்காரர், சந்தைக்குப் போகிற சனம், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். அவரை இருக்க விடவில்லை. தண்ணீர் கொண்டுபோன காவலாளியைத் திருப்பி அனுப்பினார்கள். வேலை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது அவர் முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. ஒருத்தரோடும் கதைக்காமல் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ராத்தா, நாளைக்கு வராதேங்கோ. நானும் வரேல்ல. வேற வேலை பாப்பம்."

அவர் நின்றார். "நான் வராட்டி அவர் வெண்டிட்ட மாதிரி ஆகிரும் கோகி. நான் வருவன்."

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து மேசையில் நின்றார். அதை நாங்கள் அன்று வீரம் என்று நினைத்தோம். கூட வேலை செய்த பெண்கள் எல்லோருக்கும் அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் சிரித்துக் கதைப்பது குறைந்துவிட்டது. தொண்டைக்குள் ஒரு இருமல் வந்து தங்கியது. வேலையை மட்டும் முந்தியதை விட வேகமாகச் செய்தார். மனேஜர் நிற்கும் நேரத்தில் இன்னும் வேகமாக.

சில வருடத்தில் எனக்குக் கலியாணம் பேசி நோர்வேக்கு வந்துவிட்டேன். விமான நிலையத்துக்கு வர ராத்தாவுக்கு லீவு கொடுக்கவில்லை.

5

போன வருடம் ஊருக்குப் போனேன். அம்மா இப்போது சம்பூரில், திருப்பிக் கிடைத்த எங்கள் வளவில் இருக்கிறார். சுதனுக்கு லீவு இல்லை. அபினா தன் சிநேகிதிகளோடு முகாம் போகவேண்டும் என்று வரவில்லை. தனியாகத்தான் போனேன்.

ராத்தாவும் நானும் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் தொலைபேசியில் கதைப்போம். சுகமா, சுகம் என்ற அளவில்தான். சுப்பவைசர் ஆக்கிவிட்டார்கள் என்று ஒரு தரம் சொன்னார். நான் சந்தோசப்பட்டேன். இனி அந்த மேசைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு நல்ல காலம் என்று நினைத்தேன்.

சொல்லாமல் போய் ஆச்சரியப்படுத்தலாம் என்று, வேலை விடும் நேரம் பார்த்துக் கொம்பனி வாசலில் போய் நின்றேன். கட்டடம் பெருத்திருந்தது. இளம் பிள்ளைகள் குனிந்த தலையோடு வந்துகொண்டிருந்தார்கள். ராத்தாவைக் காணவில்லை. அவர் கடைசியாகத்தான் வருவார், கணக்குப் பார்த்து முடிய இருட்டும் என்று காவலாளி சொன்னார். சம்பூருக்குத் திரும்பும் பஸ்ஸை விட முடியாது என்பதால் நாளைக்கு அவர் வீட்டுக்கே போகலாம் என்று கிளம்பினேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து இருந்தது. மேலில் மீன் மணம். கொம்பனிப் பிள்ளைதான். பெயர் நிரோஜா. கட்டைபறிச்சானில் வீடு. நான் வெளிநாடு என்று கண்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கத் தொடங்கியது.

"வேலை எப்பிடி?" என்று கேட்டேன்.

"அது ஒரு வேலை அக்கா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானே சொன்னாள். "குளிர் பழகீற்றுது. பாத்ரூம்தான் ஏலாது."

"ஏன்?"

"பூட்டித்தான் வச்சிருக்கினம். சாவி சுப்பவைசரிட்ட. போய்க் கேக்கவேணும். எல்லாரும் பாக்கத்தக்கதா நிண்டு கேக்கவேணும். காலையில போனாத் திரும்ப மத்தியானம்தான் எண்டுவா. குளிருக்குள்ள நிண்டா அடிக்கடி வருந்தானே அக்கா. நாங்கள் தண்ணியே குடிக்கிறேல்ல."

அவளே தொடர்ந்தாள்.

"போன மாசம் எனக்கு ஏலாத நாள். ரெண்டு தரம் கேட்டன். உடுப்பு இரத்தத்தில நனைஞ்சிட்டுது. அப்பிடியே நிண்டு பின்னேரம்வரை வெட்டினன்." அவள் குரல் உயரவில்லை. பஸ் பாலத்தின் மேல் ஏறியது. "அவவுக்குப் பேரே சாவி ராத்தாதான். பொம்பிளையா இருந்துகொண்டு அவ அப்பிடிச் செய்யிறதுதான் அக்கா எனக்கு விளங்கேல்ல."

அந்தச் சுப்பவைசரின் உண்மைப் பெயரை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்கள் ஏனக்கா கேற்றடியில நிண்டனீங்கள்?" என்று இறங்கப்போகும்போது கேட்டாள். "ஆரையும் பாக்க வந்தனீங்களோ?"

"ஓம். முந்தி கூட வேலை செய்த ஒரு ஆளை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். விளங்கிவிட்டது போல. இறங்கிப் போனாள்.

6

மறுநாள் வெள்ளிக்கிழமை, அரை நாள் வேலை. கிண்ணியாவில் அவர் வீட்டில் காத்திருந்தேன். கட்டாரிலிருந்து முதுகு முறிந்து வந்த புருசன் வெளிக் கட்டிலில் படுத்திருந்தார். ராத்தா வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எலும்பாகத்தான் இருந்தார். ஒரு வசனம் சொல்லி முடிக்க இரண்டு தரம் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

சோறு போட்டுத் தந்தார். சாப்பிட்டு முடியும்வரை நான் எதுவும் கேட்கவில்லை. பிறகும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அவர் தொழுகைக்குப் போக எழும்பியபோது இடுப்பு மடிப்பிலிருந்து சாவி ஒன்று கீழே விழுந்தது. லீவு நேரத்திலும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். இருவரும் அதைப் பார்த்தோம்.

"கேள்விப்பட்டிட்டாய் போல" என்றார்.

"ஓம் ராத்தா."

அவர் தொழுகைக்குப் போகவில்லை. என் முன்னால் திரும்ப இருந்தார்.

"சுவரில ஒரு பலகை இரிக்கி. ஒரு மேசைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு எண்டு எழுதியிரிக்கி. கொறைஞ்சா என்னத்தான் கேக்கிற. புள்ளைகள் வெளிய போற நேரம்தான் கொறையுதெண்டு மனேஜர் சொல்லி, சாவிய என்ட கையில தந்தார். ஏலாட்டி சொல்லு, வேற ஆள் இரிக்கி எண்டார்."

"ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிரிக்கலாம்." கொஞ்சம் இருமினார். "நான் இல்லாட்டி வேற ஒருத்தி வருவாள், அவள் என்ன விடப் பொல்லாதவளா இரிப்பாள் எண்டு நெனச்சன். மொதல்ல கேட்டவங்க எல்லாருக்கும் குடுத்தன். பலகையில கொறைஞ்சிது. எல்லாருக்கும் முன்னால வெச்சுக் கேட்டார். அதுக்குப் பொறகு கொஞ்சம் கொஞ்சமா…" கையை விரித்தார். "இப்ப ஒரு புள்ள வந்து கேட்டாலே எனக்குக் கோவம் வருது கோகி. அது எங்கிரிந்து வருதெண்டு தெரியல்ல. நான் நிக்கல்லையா, நான் தாங்கல்லையா எண்டு வருது."

வெளியே புருசன் இருமினார். ராத்தா குரலைத் தாழ்த்தினார்.

"ராவையில நித்திரை இல்ல. நெஞ்சு அடைக்குது. டொக்டர் குளிருக்குள்ள போகவேணாம் எண்டு சொல்லிட்டார்."

"அப்ப விட்டிடுங்கோ ராத்தா. உங்கட மருந்துக்கும் அவருக்கும் நான் பாக்கிறன்."

அதை நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவருக்கு நொந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"காசுக்காக இல்ல புள்ள. அவ்வளவு வருசம். அந்த எடத்துக்கு ஒண்டுமே ஆகாம நான் வெளிய வந்தா, கேற்றடியில நிண்டதுக்கு என்ன அர்த்தம்?"

இங்கே கிரெத்தெ போன்றவர்கள் ஒரு தொழிலாளியை நன்றாக நடத்தினால் அவள் நிற்பாள் என்று நம்புகிறார்கள். சரிதான். ஆனால் மோசமாக நடத்தினாலும் ஒருத்தி நிற்பாள் என்பதை நான் ராத்தாவின் வீட்டில் கண்டேன். பட்ட அவமானத்தை வீணாகப் போகவிட மனமில்லாமல் நிற்பாள். நின்று, அதே அவமானத்தை அடுத்தவளுக்குக் கையளிப்பாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

7

நான் திரும்பி வந்து கொஞ்ச நாளில் நிரோஜா வேலைக்குப் போகாமல் விட்டாள். அவளோடு அந்த மேசைப் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும். சண்டை இல்லை, கூட்டம் இல்லை. ஒரு காலையில் மேசை வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான். வெளிநாட்டுக்குப் போகவேண்டிய மீன் கிடந்து பழுதாகிவிட்டது.

மனேஜர் ராத்தாவைக் கூப்பிட்டு, பிள்ளைகளை வைத்திருக்கத் தெரியாதவள் என்றார். சாவியை வாங்கினார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. பழையபடி மேசையில் போய் நின்று வெட்டச் சொன்னார்.

ராத்தா போய் நின்றார்.

எனக்கு இது தெரியவந்தபோது இங்கே இருட்டுக் காலம். சூரியன் வராத மாதங்கள். வேலை முடிந்து காருக்குள் இருந்தபடி அவருக்கு அழைப்பு எடுத்தேன். "இனியும் ஏன் ராத்தா?" என்று கேட்டேன். "பழகிட்டுது" என்று மட்டும் சொன்னார். அந்த மேசையில் மிச்சமிருந்த பிள்ளைகள் அவரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். அவர் கழிப்பறைச் சாவி கேட்டால், புதிதாகச் சுப்பவைசராக வந்தவள் முகத்தைப் பார்க்காமலே கொடுப்பாளாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் முறைப்பாடு இல்லை.

மாசி மாதம் குளிர் அறைக்குள் விழுந்தார். இந்த முறை ஒருத்தரும் அவர் கையைக் கக்கத்துக்குள் வைக்கவில்லை. முச்சக்கர வண்டியில் ஆசுப்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். நெஞ்சில் சளி கட்டி, நுரையீரல் பழுதாகிவிட்டது என்று சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்பிய பிறகு கொம்பனியிலிருந்து ஒரே ஒரு ஆள் வந்தான். பூட்ஸையும் மேலங்கியையும் திருப்பி வாங்கிப் போகத்தான் வந்தான்.

கேக் வெட்டிய அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை, ராத்தாவோடு கதைத்தேன். பூங்கொத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. அபினா பக்கத்து அறையில் யாரோடோ நோர்வேஜியனில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். ராத்தாவுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று அவர் மூச்சிலேயே தெரிந்தது.

"அந்தப் புள்ள வந்தா" என்றார்.

"எந்தப் பிள்ளை?"

"நிரோஜா. நேத்து. பஸ் புடிச்சு வந்திருக்கா. தோடம்பழம் கொண்டு வந்தா."

"என்ன கதைச்சவ?"

"ஒண்டும் இல்ல. டவுனில ஒரு புடவைக் கடையில நிக்கிறாவாம். இரிந்தா. எங்கட அவருக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா. நானும் ஒண்டும் கேக்கல்ல. மன்னிப்புக் கேக்கணும் எண்டு வாய் வரைக்கும் வந்திச்சு, வெளிய வரல்ல." நிறுத்தி மூச்சு எடுத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்செண்டு எழும்பினா. பாத்ரூமுக்குப் போயிட்டுப் போறன் ராத்தா எண்டா. அந்தா இரிக்கி எண்டு காட்டினன். ஆனா அவ போகல்ல, கோகி. அப்பிடியே நிண்டுட்டா. என்ட முகத்தப் பாத்துக்கிட்டு, நான் ஓம் எண்டு சொல்லும்வரை நிண்டா. அவக்கே தெரியாது, தான் நிக்கிறத. என்ட சொந்த வீட்டில."

அவர் இருமினார், பிறகு சொன்னார்.

"போ மகள், என்னட்டக் கேக்காத எண்டு சொன்னன். அது மட்டும்தான் சொல்ல ஏலுமா இருந்திச்சு."

அதற்குப் பிறகு அவர் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே இருந்தேன்.